இஷாப்பூர் 1942: ஒரு பழைய த்ரீ நாட் த்ரீ ரைஃபிளின் மேல் இருக்கும் எழுத்துகளைப் படிப்பது எப்படி?

கேள்வி இதுதான்: டொரொண்டோவில் வசிக்கும், துப்பாக்கி லைசென்ஸ் உள்ள ஒரு தம்பிக்குப் பழைய லீ-என்ஃபீல்டு, அதாவது .303 தோட்டா சுடும் த்ரீ நாட் த்ரீ ரைஃபிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடிக்குக் கீழே உள்ள இரும்புப் பட்டையில் கிரீடம், ஜி.ஆர்.ஐ., இஷாப்பூர், 1942, மார்க் 3, பக்கத்தில் ஒரு நட்சத்திரம். குழலின் பின்முனையில் 52 என்று ஒரு எண். போல்ட்டில் உள்ள நம்பரும், அது ஓடும் இரும்பு உடலான பாடியில் உள்ள நம்பரும் வேறு வேறு. கட்டையில் ஏதோ எழுத்தைத் தேய்த்து எடுத்த தடம். குழலில் பொடி எழுத்தில் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பெயர். அங்கங்கே கோழிக்கால் போல ஒரு குறி. விற்பவர், "பர்மா சண்டையில் இருந்தது, எல்லாம் ஒரிஜினல்" என்கிறாராம். இந்த எழுத்துகளெல்லாம் என்ன சொல்கின்றன, வாங்கலாமா என்று கேட்கிறார்.

முதலில் சுருக்கமான பதில். 1942-ல் இஷாப்பூரில் செய்தது என்பதை, எழுத்துகள் அச்சில் அடித்தவைதானா என்று ஒருமுறை பார்த்துவிட்டு நம்பலாம். எல்லாம் ஒரிஜினல் என்பது சரியில்லை. குழலே பத்து வருடம் இளையது. பர்மாவைப் பற்றி அந்த இரும்பில் ஒரு எழுத்துகூட இல்லை. அந்தத் தேய்த்த இடம் எனக்குப் பிடிக்கவில்லை. அது என்னவென்று தெரியும் வரை அதில் தோட்டா போடக்கூடாது.

இனி விரிவாகச் சொல்கிறேன். ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுது பார்க்கும் ஆர்மரராக இருந்தவன் நான். இந்த ரைஃபிளைப் பிரித்துப் பூட்டியே என் வயதில் பாதி போயிருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்வது இது: பட்டையில் பெரிதாகத் தெரிகிற முத்திரை பிறப்புச் சான்றிதழ் மாதிரி. அதற்குப் பிறகு அந்த ரைஃபிளுக்கு என்ன நடந்தது என்பது சின்னச் சின்ன எழுத்துகளில், வெவ்வேறு ஆட்கள் வெவ்வேறு வருடங்களில் அடித்ததில்தான் இருக்கிறது. எது முதலில் அடித்தது, எது பிறகு அடித்தது என்று வரிசைப்படுத்தத் தெரிந்தால் போதும். அகராதி மாதிரி எல்லாக் குறியையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

பட்டையில் இருந்தே தொடங்குவோம். ஆர்மரர் பேச்சில் அது பட் சாக்கெட். வலது பக்கம், போல்ட் கைப்பிடி மடங்கி உட்காரும் இடத்துக்குக் கீழே. மேலே கிரீடம், அதன் கீழே அரசரின் எழுத்துகள், தொழிற்சாலையின் பெயர், வருடம், கடைசியில் மாடல். விக்டோரியா ராணி காலத்தில் வி.ஆர்., எட்வர்டு காலத்தில் இ.ஆர்., ஜார்ஜ் காலத்தில் ஜி.ஆர். என்று இருக்கும். உங்களுடையதில் கூடவே ஒரு 'ஐ' இருக்கிறதல்லவா? அது இம்பரேட்டர், சக்கரவர்த்தி என்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதல் எழுத்து. பிரிட்டனின் அரசர் இந்தியாவுக்குச் சக்கரவர்த்தி என்பதால் இந்தியத் தொழிற்சாலை அந்த 'ஐ'யைச் சேர்த்து அடித்தது. இங்கிலாந்தில் செய்த ரைஃபிளில் வெறும் ஜி.ஆர். மட்டும்தான். ஆறாம் ஜார்ஜ் இந்தியச் சக்கரவர்த்தி என்ற பட்டத்தை 1948 ஜூனில் விட்டார். 1950-ல் நம் நாடு குடியரசான பிறகு இஷாப்பூர் ரைஃபிள்களில் கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கங்கள் வந்து உட்கார்ந்தன, கீழே ஆர்.எஃப்.ஐ. என்ற மூன்று எழுத்துகளோடு. ஒரே தொழிற்சாலை, ஒரே ரைஃபிள், தலையில் இருக்கும் சின்னம் மட்டும் மாறியது. கிரீடம் போட்ட ஒன்றையும் சிங்கம் போட்ட ஒன்றையும் முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. சுதந்திரம் என்பதை இரும்பில் தொட்டுப் பார்த்த மாதிரி இருந்தது.

இஷாப்பூர் கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளிக் கரையில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே, 1787-ல், அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு அடி போட்டார்கள். அந்த இடத்திலேயே 1904-ல் ரைஃபிள் தொழிற்சாலை எழுந்தது. இரண்டு உலகப் போர்களிலும் இந்தியப் படைக்கு அங்கிருந்து ரைஃபிள் போனது.

மற்ற தொழிற்சாலைகளின் பெயரும் இதே இடத்தில்தான் இருக்கும். என்ஃபீல்டு என்று இருந்தால் லண்டனுக்கு வடக்கே இருந்த அரசுத் தொழிற்சாலை. பி.எஸ்.ஏ. என்றால் பர்மிங்காம் ஸ்மால் ஆர்ம்ஸ். நம்மூரில் பழைய மோட்டார் சைக்கிள் பிரியர்களுக்கும் தெரிந்த பெயர். எல்.எஸ்.ஏ. என்றால் லண்டன் ஸ்மால் ஆர்ம்ஸ். லித்கோ என்றால் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், 1912-ல் திறந்த தொழிற்சாலை. இரண்டாம் உலகப் போரின்போது பர்மிங்காமில் செய்த சிலவற்றில் கிரீடத்துக்குக் கீழே அரசரின் எழுத்தும் இருக்காது, கம்பெனியின் முழுப் பெயரும் இருக்காது. 'பி' என்ற ஒற்றை எழுத்து மட்டும் இருக்கும். அதைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். குண்டுவீச்சுக்குப் பயந்து வேலையைப் பல இடங்களில் பிரித்துச் செய்த காலத்து ரைஃபிள் அது.

மாடல் எழுத்து பற்றியும் ஒரு வார்த்தை. பழையவற்றில் 'எஸ்.எச்.டி. எல்.இ.' என்று சுருக்கி அடித்திருப்பார்கள். குட்டை லீ-என்ஃபீல்டு என்று பொருள். 1926-ல் பிரிட்டன் பெயரிடும் முறையை மாற்றியதும் அதே ரைஃபிள் நம்பர் 1 ஆனது. மார்க் 3 என்பது 1907-ல் வந்த வடிவம். பக்கத்தில் இருக்கும் நட்சத்திரம் அலங்காரத்துக்கு இல்லை. முதல் உலகப் போரில் ரைஃபிள் பற்றாக்குறை தாங்காமல் 1916-ல் சில உறுப்புகளை வெட்டி எறிந்தார்கள். தோட்டாப் பெட்டியான மேகசினை மூடி ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுட வைக்கும் கட்-ஆஃப் தகடு, முன்கட்டையின் இடது பக்கம் இருந்த நெடுந்தூரக் குறிக்கருவி, பின்பக்கக் குறிக்கருவியான பேக்சைட்டில் இருந்த பக்கவாட்டுத் திருகு எல்லாம் போயின. அப்படி எளிமையாக்கியதன் அடையாளம் அந்த நட்சத்திரம். ஆகவே நட்சத்திரம் போட்ட ரைஃபிளில் கட்-ஆஃப் தகடு இருந்தால், யாரோ வேறு ரைஃபிளின் உறுப்பைப் பிறகு சேர்த்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

அந்தக் கோழிக்கால். அது பிராட் ஆரோ, அதாவது அகன்ற அம்பு. அரசாங்கச் சொத்து என்பதற்கான பிரிட்டிஷ் குறி. இதில் அழகு என்னவென்றால், சாம்ராஜ்யத்தின் ஒவ்வொரு நாடும் அதே அம்பைத் தன் எழுத்தோடு சேர்த்துக்கொண்டது. 'ஐ' எழுத்தின் தலையில் அம்பு இருந்தால் இந்தியா. 'சி' எழுத்தின் வயிற்றுக்குள் அம்பு இருந்தால் கனடா. இரண்டு 'டி'களுக்கு நடுவே அம்பு என்றால் ஆஸ்திரேலியா. 'என்', 'இஸட்' இரண்டுக்கும் நடுவே என்றால் நியூசிலாந்து. 'யு'வுக்குள் என்றால் தென்னாப்பிரிக்கா. ஒரே ரைஃபிளில் இரண்டு நாட்டுக் குறி இருந்தால் அது கை மாறியிருக்கிறது. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டிக்கொண்டு நட்சத்திரம் போலத் தெரிந்தால், அரசாங்கம் அதைச் சேவையிலிருந்து விலக்கி விற்றுவிட்டது என்று பொருள். அந்தக் குறி இருக்கும் ரைஃபிள் திருட்டுப் பொருள் இல்லை, முறையாக வெளியே வந்தது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி.

இனி உங்கள் குழலில் இருக்கும் 52. குழல் பாடிக்குள் திருகப்படும் இடத்தில் தடித்து, மேல்பக்கம் தட்டையாக இருக்கும். நாக்ஸ் ஃபார்ம் என்பார்கள். குழலை மேலே மூடியிருக்கும் மரமான பின் ஹேண்ட்கார்டைக் கழற்றினால் முழுவதும் தெரியும். குழல் செய்த வருடத்தின் கடைசி இரண்டு எண்களை அங்கே அடிப்பது வழக்கம். பாடி 1942, குழல் 1952. அப்படியானால் பத்து வருடத்தில் பழைய குழல் தேய்ந்து போய், சுதந்திர இந்தியாவில் புதுக் குழல் போட்டிருக்கிறார்கள். இது குறையே இல்லை. உழைத்த ரைஃபிளுக்கு நடப்பதுதான். சுடுவதற்கு வாங்குகிறவருக்கு இது நல்ல செய்தியும்கூட. ஆனால் 'எல்லாம் ஒரிஜினல்' என்ற பேச்சு இந்த ஒரு எண்ணிலேயே அடிபட்டுப் போகிறது. 1942-ல் இருந்த குழல் இதில் இல்லை. பழைய குழலில் ஹெச்.வி., எஸ்.சி. என்ற எழுத்துகள் இருந்தாலும் குழம்ப வேண்டாம். முதலாவது, மார்க் 7 என்ற கூர்முனைத் தோட்டாவுக்கு ஏற்ப அமைத்த குழல் என்று சொல்கிறது. இரண்டாவது, தோட்டா உட்காரும் சேம்பருக்கு முன்னால் இருக்கும் கூம்பின் அளவு. அதே இடத்தில் சின்ன நட்சத்திரம் ஒன்று தனியாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். குழலுக்குள் துரு அரித்திருப்பதை ஆய்வாளர் குறித்து வைத்த அடையாளம் அது. மாடலில் வரும் நட்சத்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சின்னக் கிரீடம், அதன் கீழே ஒரு எண், ஒரு எழுத்து என்று உடம்பெல்லாம் மரு மாதிரி இருக்கும். அவை ஒவ்வொரு உறுப்பையும் பரிசோதித்த ஆய்வாளரின் சொந்த முத்திரைகள். 'இ' என்றால் என்ஃபீல்டு ஆய்வாளர். இவற்றை ஒவ்வொன்றாகத் துரத்திக்கொண்டு போனால் வாழ்நாள் போதாது; விட்டுவிடலாம். குறுக்காக வைத்த கொடிகளும் கிரீடமும் சேர்ந்த முத்திரை மட்டும் முக்கியம். அதிக அழுத்தத் தோட்டாவைச் சுட்டுப் பார்த்துத் தாங்கியது என்ற ராணுவப் பரிசோதனைக் குறி அது.

ராணுவத்தை விட்டு வெளியே வந்து இங்கிலாந்தில் விற்பனைக்குப் போனவை மறுபடி ஒரு சோதனை தாண்ட வேண்டும். கிரீடத்தின் கீழ் பி.என்.பி. என்று இருந்தால் பர்மிங்காம் சோதனைக் கூடம். அதன் பக்கத்திலேயே .303, 2.222 அங்குலம், 18.5 டன் என்று எண்கள் வரும். 2.222 என்பது தோட்டாக் கூட்டின் நீளம், 18.5 டன் என்பது ஒரு சதுர அங்குலத்துக்கான அழுத்தம். "இது ஏதோ ரகசியப் படைப்பிரிவின் எண்" என்று விலையை ஏற்றிச் சொன்ன ஒருவரை நானே பார்த்திருக்கிறேன். வெறும் தோட்டா அளவு அது. 'இங்கிலாந்து' என்று தனியாக ஒரு சொல் அடித்திருந்தால், ஏற்றுமதிக்காக எந்த நாட்டுப் பொருள் என்று காட்டியது. உங்கள் குழலில் இருக்கும் அமெரிக்கக் கம்பெனியின் பெயரும் இந்த வகைதான். அமெரிக்காவில் 1968-ல் வந்த துப்பாக்கிச் சட்டப்படி இறக்குமதி செய்பவர் தன் பெயரையும் ஊரையும் துப்பாக்கியில் பொறிக்க வேண்டும். எனவே இந்த ரைஃபிள் அதற்குப் பிறகுதான் அமெரிக்காவுக்குள் வந்திருக்கிறது, அங்கிருந்து உங்கள் ஊருக்கு. யாரோ ஒரு கனடா வீரர் பர்மாவிலிருந்து நினைவுப் பொருளாகக் கொண்டுவந்தார் என்று கதை சொன்னால், இந்தப் பொடி எழுத்து ஒன்றே அதை மறுத்துவிடும்.

நம்பர் விஷயத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

லீ-என்ஃபீல்டில் போல்ட்டை அந்தந்தப் பாடிக்கு என்று கையால் பொருத்துவார்கள். போல்ட்டின் பின்பக்கம் இருக்கும் இரண்டு தாங்கு முனைகளும் பாடியில் சமமாக உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் பாடியின் நம்பரையே போல்ட் கைப்பிடி தொடங்கும் இடத்தின் பின்பக்கம் அடிப்பார்கள். குழல், முன்முனை இரும்பு மூடியான நோஸ் கேப், பேக்சைட்டின் தகட்டு அடிப்பகுதி, முன்கட்டையின் அடிப்பக்கம் என்று அதே நம்பர் பல இடங்களில் இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் சேகரிப்பவர்கள் அதிக விலை கொடுப்பார்கள். அங்கேதான் ஏமாற்று வேலை நுழைகிறது.

போல்ட் மாறுவது ராணுவத்திலேயே சாதாரணம். பழைய போல்ட் உடைந்தால் வேறொன்றைப் பொருத்திச் சரிபார்த்து, பழைய நம்பர் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தில் புது நம்பரை அடிப்போம். பழைய நம்பரைச் சுரண்டி எடுக்க மாட்டோம். அதற்கு எங்களுக்கு என்ன தேவை? கோடு போட்ட நம்பர் நேர்மையான நம்பர். மாறாக, நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் இரும்பு லேசாகக் குழிந்திருந்தால், சுற்றிலும் கறுத்திருக்க அந்த இடம் மட்டும் பளபளத்தால், எண்களின் வடிவம் பாடியில் உள்ள எண்களோடு ஒத்துப்போகாவிட்டால், யாரோ வீட்டில் உட்கார்ந்து அரத்தால் ராவி ஜோடி சேர்த்திருக்கிறார்கள். உங்களுடையதில் நம்பர் வெளிப்படையாகவே வேறாக இருக்கிறது. அது ஏமாற்று இல்லை. ஆனால் ஆபத்து இருக்கலாம். வேறு பாடிக்கான போல்ட்டை யாரும் சரிபார்க்காமல் போட்டிருந்தால் ஹெட்ஸ்பேஸ், அதாவது போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் இடையே உள்ள இடைவெளி, கூடிப்போயிருக்கலாம். ராணுவ கேஜ் அளவுப்படி அது 0.064 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 0.074 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தோட்டாக் கூடு பின்பக்கமாகக் கிழிந்து, எரியும் வாயு சுடுபவரின் கண்ணை நோக்கி வரும். கேஜ் வைத்திருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஐந்து நிமிட வேலை. செய்யாமல் விடக் கூடாது.

கட்டையில் தேய்த்த இடத்துக்கு வருவோம். இதை நினைத்துத்தான் முதலிலேயே எச்சரித்தேன். தமிழ்நாட்டில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு டி.பி. ரைஃபிள் நினைவிருக்கும். பரேடுக்குத் தோளில் சுமந்த அந்தக் கனமான த்ரீ நாட் த்ரீயின் கட்டையில் டி.பி. என்ற இரண்டு எழுத்துகள் இருந்திருக்கும். டிரில் பர்ப்பஸ். கவாத்துக்கு மட்டும், சுடுவதற்கு இல்லை. எங்கள் கல்லூரி ஸ்டோர் அறையில் அவை வரிசையாக நிற்கும். அந்த எழுத்து சும்மா வருவதில்லை. பாடி வளைந்திருக்கும், குழல் அரித்திருக்கும், தாங்கு முனை தேய்ந்திருக்கும். ஆய்வாளர் கழித்துக் கட்டியபின்தான் டி.பி. அடிப்பார்கள். சிலவற்றில் சேம்பரில் துளை போட்டிருப்பார்கள், சிலவற்றில் ஊசி வரும் வழியை அடைத்திருப்பார்கள். சிலவற்றில் எதுவுமே செய்யாமல் எழுத்து மட்டும் இருக்கும், அதுதான் மோசம். பார்க்க நல்ல ரைஃபிள் மாதிரியே இருக்கும். டி.பி. ரைஃபிளுக்கு நல்ல கட்டையும் நல்ல போல்ட்டும் மாட்டிச் சந்தையில் விடுவது நெடுநாளாக நடக்கிறது. மரத்தில் இருக்கும் எழுத்தை உப்புத்தாளால் எடுத்துவிடலாம். இரும்பில் இருப்பதை எளிதில் எடுக்க முடியாது. எனவே கட்டையைக் கழற்றி, பாடியின் இடது பக்கச் சுவர், குழலின் நாக்ஸ் ஃபார்ம், போல்ட் மூன்றிலும் டி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் இருந்தாலும் அதைச் சுவரில் மாட்டிவைக்கும் பொருளாக மட்டும் கருதுங்கள்.

தேய்த்த இடத்தில் வேறு எதுவும் இருந்திருக்கலாம். வலது பக்கம் என்றால் படைப்பிரிவின் குறியோ தொழிற்சாலையின் வட்ட முத்திரையோ இருந்திருக்கலாம். பழைய ரைஃபிள்களில் கட்டையில் பித்தளை வில்லை ஒன்று பதித்து, எந்தப் படைப்பிரிவு, எத்தனையாவது ரைஃபிள், எப்போது கொடுத்தது என்று பொறிப்பார்கள். முதல் உலகப் போரின் நடுவில் அந்த வழக்கம் நின்றது. கட்டையில் எஸ், எல், பி என்று ஒற்றை எழுத்து இருந்தால் அது நீளத்தின் அளவு: குட்டை, நெட்டை, மிகக் குட்டை. சட்டைக்கு அளவு போடுவது போல வீரனின் கைக்கு ஏற்பக் கட்டை.

ஆபத்தைச் சொல்லும் எழுத்துகளில் இன்னும் ஒன்று இ.ஒய். குழலின் முனையில் கிண்ணம் போல ஒன்றை மாட்டிக் கையெறி குண்டு வீசுவதற்கென்று ஒதுக்கிய, தரம் குறைந்த ரைஃபிள்களில் இது இருக்கும். இந்தியாவில் இவற்றின் முன்கட்டையைச் செம்புக் கம்பியால் இறுகச் சுற்றியிருப்பார்கள். வெடித்தாலும் துண்டு சிதறாமல் இருக்க. பார்க்க மிக அழகாக இருக்கும். சுடக் கூடாது. இசட்.எஃப்., பி.எல்.ஆர். என்று இருந்தால் படைப்பிரிவின் பட்டறையில் பழுது பார்க்க முடியாமல் போனது என்று பொருள். எஃப்.டி.ஆர். என்றால் நேர் எதிர்: தொழிற்சாலைக்குப் போய் முழுமையாகப் புதுப்பித்துத் திரும்பியது. கூட வருடமும் இருந்தால் அந்த வருடத்தைத்தான் நான் ரைஃபிளின் உண்மையான வயதாக எடுத்துக்கொள்வேன்.

இஷாப்பூர் ரைஃபிளில் மட்டும் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று .410 மஸ்கட். காவலர்களுக்கும் காப்புப் பணிக்கும் கொடுப்பதற்காக, குழலின் உள் வரிகளை எடுத்து வழுவழுப்பாக்கி, மேகசின் இருக்கும் பள்ளத்தை மரக்கட்டையால் அடைத்துவிட்டார்கள். ஒரு முறைக்கு ஒரே தோட்டா. கூட்டம் பிடுங்கிக்கொண்டு போனாலும் ராணுவத் தோட்டா அதற்குப் பயன்படாது என்ற கணக்கு. ஆளும் வர்க்கம் தன் கையில் ஆயுதம் கொடுத்த ஆட்களையே எவ்வளவு நம்பியது என்பதை அந்த மரக்கட்டையில் பார்க்கலாம். இரண்டாவது, பட்டையில் 7.62 எம்.எம். 2ஏ அல்லது 2ஏ1 என்று இருப்பது. 1962 சீனப் போருக்குப் பின் அதே பழைய வடிவத்தில், உறுதியான எஃகில், நேட்டோ தோட்டாவுக்காக இஷாப்பூர் செய்தது. மேகசின் சதுரமாக இருக்கும். இதை .303 என்று நினைத்துத் தோட்டா வாங்கியவர்கள் உண்டு, இரண்டும் வேறு. இஷாப்பூரில் செய்தவை பலவற்றில் முன்கட்டையைக் குறுக்காகத் துளைத்துப் போகும் ஒரு திருகாணியும் இருக்கும். மரம் பிளக்காமல் இருப்பதற்காக.

போலிகள் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெஷாவருக்கும் கோஹாட்டுக்கும் நடுவே தர்ரா ஆதம் கேல் என்ற ஊர். தலைமுறை தலைமுறையாகக் கைக்கருவிகளை வைத்தே துப்பாக்கி செய்பவர்கள். அவர்கள் கைத்திறமையின் மேல் எனக்கு உண்மையான மதிப்பு உண்டு. ஆனால் ஆங்கிலம் தெரியாமல் முத்திரையைப் படமாகப் பார்த்து வெட்டியவர்கள். அதனால் எழுத்து தலைகீழாகத் திரும்பும், என்ஃபீல்டு என்பதில் எழுத்து இடம் மாறும். இன்னொன்று, வி.ஆர். என்று போட்டு 1907 அல்லது 1915 என்று வருடம் இருக்கும். விக்டோரியா ராணி இறந்தது 1901 ஜனவரியில். அவர் பெயரில் அதற்குப் பிறகு ஒரு ரைஃபிளும் வந்திருக்க முடியாது. ஆகவே எந்தப் பழைய ரைஃபிளைப் பார்த்தாலும் நான் முதலில் செய்வது அரசரையும் வருடத்தையும் ஒத்துப்பார்ப்பதுதான்: இ.ஆர். என்றால் 1901 முதல் 1910 வரை, ஜி.ஆர். என்றால் 1910-லிருந்து. அடுத்தது எழுத்தின் விளிம்பு. தொழிற்சாலை அச்சு ஒரே ஆழத்தில் இறங்கியிருக்கும். கையால் வெட்டியது ஆழம் மாறி மாறி, கோடு நடுங்கி இருக்கும். இந்தப் போலிகளின் எஃகை நம்பி யாரும் சுடக் கூடாது. உங்களுடையது 1942, ஜி.ஆர்.ஐ. ஒத்துப்போகிறது. எழுத்தின் ஆழத்தை மட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

டொரொண்டோவில் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கத்திலேயே லாங் பிராஞ்சில் போர்க்காலத்தில் லீ-என்ஃபீல்டின் அடுத்த வடிவமான நம்பர் 4 ரைஃபிள் செய்தார்கள். மிஸ்ஸிஸாகாவில் ஏரிக்கரைச் சாலையில் அந்தத் தொழிற்சாலையின் ஆய்வுக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதன் நம்பர்களில் நடுவே 'எல்' வரும். அமெரிக்காவின் சேவேஜ் கம்பெனி சிக்கோப்பி ஃபால்ஸில் செய்தவற்றில் 'சி' வரும். அவற்றின் மேல் 'அமெரிக்கச் சொத்து' என்று ஆங்கிலத்தில் அடித்திருப்பதைப் பார்த்து அமெரிக்கப் படை பயன்படுத்தியது என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனுக்குக் கடனாகக் கொடுக்கும் திட்டத்தின் சட்டத் தேவைக்காக அடித்தது. நம்பர் 4-ல் பாடியின் இடது பக்கம் 'டி' இருந்தால் அது தொலைநோக்கி பொருத்திய ஸ்னைப்பர் வகை. கட்டையின் கழுத்துக்கு அடியில் எஸ்51 என்ற ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தின் குறியும், கழுத்தின் மேல்பக்கம் தொலைநோக்கியின் நம்பரும் பெரும்பாலும் இருக்கும். ஒற்றை 'டி'யை அடிக்க ஒரு சுத்தியல் போதும். அந்த ஒரு எழுத்துக்காகப் பல மடங்கு விலை கொடுக்காதீர்கள்.

இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு: .303 இங்கே தடை செய்த குழல் அளவு. தனியார் வேட்டைக்கும் பாதுகாப்புக்கும் .315 ரைஃபிளை அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில் இஷாப்பூர் செய்தது இதனால்தான். தாத்தா காலத்துப் பெட்டியிலோ பரணிலோ ஒன்று கிடைத்தால், முத்திரையைப் படித்து ரசிப்பதற்கு முன் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து ஒப்படையுங்கள். பழம்பொருள் என்று நீங்களாக முடிவு செய்துகொள்ள முடியாது.

படிக்கும் முறை பற்றிக் கடைசியாக. மங்கிய எழுத்தைப் பார்க்க உப்புத்தாளோ இரும்புக் கம்பளியோ தொடவே வேண்டாம். அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் குழிகளில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாலும் வரும். கோயில் கல்வெட்டுக்குப் படி எடுப்பது போலத்தான். மரத்துக்கு ஆளி விதை எண்ணெய் தடவலாம், வார்னிஷ் வேண்டாம்.

விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள்: கட்டையைக் கழற்றிய பின் பாடியின் இடது பக்கம், ஹேண்ட்கார்டு இல்லாமல் நாக்ஸ் ஃபார்ம், போல்ட் கைப்பிடி தொடங்கும் இடத்தின் பின்பக்கம், முன்கட்டையின் அடிப்பக்க நம்பர். பாடியிலோ குழலிலோ போல்ட்டிலோ டி.பி. இல்லை, ஹெட்ஸ்பேஸ் கேஜில் தேறுகிறது என்றால், 1942 பாடியும் 1952 குழலும் வேறு போல்ட்டும் உள்ள இஷாப்பூர் ரைஃபிள் என்ற விலைக்கு வாங்குங்கள். படம் தரத் தயங்கினால் முன்பணம் கொடுக்காமல் விட்டுவிடுங்கள், தம்பி.